முக்கால் மில்லிமீட்டர்

"இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று என் மனைவி சொன்னது போன வருடம் ஆடி மாதம். சொன்னபடியே ஐந்து வாரம் ஏறவில்லை. அந்த ஐந்து வாரக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். நடுவில் ஸ்பார்க் பிளக் பாடமும் கொஞ்சம் வரும். டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாமல் படிக்கவும். டீசல்காரர்களுக்கு பிளக் தலைவலி கிடையாது. அவர்களுக்கு வேறு தலைவலிகள் உண்டு.

வண்டி மகனுடையது. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, "விக்க மனசு வரல, நீங்களே ஓட்டுங்கப்பா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. எங்கள் செங்கல்பட்டைச் சுற்றிக் கார் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரகடத்தில் ரெனோ, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். மறைமலைநகரில் ஃபோர்டு இருந்தது. 2021-ல் மூடப்போவதாக அறிவித்து, அடுத்த வருடம் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆலை மூடியபோது இந்த ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு தணிந்தது என்பது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம். இந்தச் சின்ன டர்போ இன்ஜின் 2013-ல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் நம் பக்கம் வந்தது. பிறகு 2019-ல் ஹூண்டாய் வென்யூ, 2020 கடைசியில் நிஸான் மேக்னைட் என்று வரிசையாக வந்தன. எங்களுடையதும் அந்த ஜாதிதான். பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு வண்டி மேல் இல்லை, என் மேல்.

சதுரங்கப்பட்டினத்தில் என் மனைவியின் அக்கா இருக்கிறார். பக்கவாதம் வந்து இடது பக்கம் சரியாக வேலை செய்யாது. மாதம் இரண்டு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு வருவோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போவோம். திரும்பும்போது மனைவிக்குப் பிடிக்கும் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை வந்து, கடற்கரைக் கோவில் பக்கம் ஒரு காபி குடித்துவிட்டு வீடு திரும்புவோம். சுற்று வழிதான். ஓய்வு பெற்றவனுக்கு என்ன அவசரம்?

அந்த முறை கிளம்புவதற்கு நான்கு நாள் முன்புதான் நானே பிளக் மாற்றியிருந்தேன்.

பிளக் மாற்றுவது எனக்குப் புதிதல்ல. பழைய பிரீமியர் பத்மினி ஒன்றை இருபது வருடம் வைத்திருந்தேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நான்கு மைக்கோ பிளக்கையும் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, கேப் வைத்து மாட்டுவேன். கேப் அளக்க ஹேக்ஸா பிளேடுதான். அதன் தடிமன் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர், அங்குலக் கணக்கில் 25 தௌ. பிளேடு உரசிக்கொண்டு போனால் கேப் சரி. பத்மினி அதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை.

பிறகு எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் வந்தபோது கேப் 1.0, 1.1 என்று பெரிதாகிவிட்டது. அதற்கும் காரணம் இருக்கிறது. பாயின்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததும் காயில் அதிக வோல்ட் கொடுக்க முடிந்தது. கேப் பெரிதாக இருந்தால் பொறி நீளமாக இருக்கும், பெட்ரோல் குறைந்த கலவையையும் பற்றவைக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

மகன் வண்டியின் பழைய பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். அறுபதாயிரம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தது. பீங்கான் மூக்கு லேசான பழுப்பு நிறம். எரிதல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கேப்பை அளந்தேன், 0.9 இருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பழையதைக் காட்டினேன். அதே மரை, அதே நீளம், அதே வெப்ப எண் உள்ள வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்கள். எண்ணின் கடைசியில் 11 என்று இருந்தது. பழையதில் 8. இந்தக் கடைசி இலக்கம்தான் கேப். 11 என்றால் 1.1, 8 என்றால் 0.8. அது எனக்கும் தெரியும். ஆனால் பழையதிலேயே 0.9 இருந்ததே, 1.1 என்றால் இன்னும் நல்ல பொறிதானே என்று நினைத்துக்கொண்டேன். பழையது 0.8-ல் ஆரம்பித்துத் தேய்ந்து தேய்ந்து 0.9-க்கு வந்தது என்பது மண்டையில் ஏறவில்லை. வண்டியோடு வந்த கையேட்டில் 0.7 முதல் 0.8 என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைத் திறந்து பார்த்தேனா? இல்லை. டேஷ்போர்டு பெட்டியில் பத்திரமாக இருந்தது.

ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து திரும்பும்போது மாலை ஆறரை இருக்கும். கல்பாக்கம் தாண்டி, நடுவில் தடுப்பு இல்லாத ஓர் இடம். முன்னால் ஒரு பஸ். எதிரே தூரத்தில் ஒரு லாரியின் விளக்கு. நேரம் இருக்கிறது, போய்விடலாம் என்று வலது பக்கம் எடுத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தேன். வண்டி பாய்வதற்குப் பதிலாக உதறியது. நாய் வாயில் கவ்விய துணியை உலுக்குமே, அப்படி. மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மிதிக்க மிதிக்க உதறல்தான் அதிகமானதே தவிர வேகம் வரவில்லை. பஸ்ஸின் பாதி நீளத்தில் நான், எதிரே லாரி. காலை எடுத்து, பிரேக் அடித்து, பஸ்ஸின் பின்னால் நுழைந்தேன். லாரி ஹாரனை அழுத்தியபடியே தாண்டிப் போனது. அதன் காற்று எங்கள் கண்ணாடியில் அறைந்தது.

மனைவி ஒன்றும் பேசவில்லை. மாமல்லபுரத்தில் காபிக்கும் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் நான் முதலில் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"பெட்ரோல்ல ஏதோ கலப்படம் போலிருக்கு" என்றேன். பிளக் மாற்றியதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த முறை அவள் பஸ்ஸில் போனாள். முட்டி வலியோடு, பையில் அக்காவுக்குச் செய்த கஞ்சி மாவையும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு. பஸ் ஸ்டாண்டு வரை கூட வருகிறேன் என்றேன். "வேணாம், ஆட்டோல போய்க்கறேன்" என்றாள். அன்று முழுக்க நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து டி.வி. பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான் மின்வாரியத்தில் 34 வருடம் வேலை செய்தவன். அதில் பாதிக்கு மேல் இந்தக் கடற்கரைப் பக்கம், கடைசி வருடங்கள் 110 கே.வி. துணைமின் நிலையத்தில். கடற்கரையில் மின்கம்பி பார்ப்பது ஒரு தனி வேலை. கடல் காற்றில் வரும் உப்பு பீங்கான் இன்சுலேட்டர் மேல் படிந்துகொண்டே இருக்கும். காய்ந்திருக்கும் வரை பிரச்சினை இல்லை. விடியற்காலைப் பனி இறங்கியதும் அந்த உப்பு ஈரமாகி, மின்சாரம் பீங்கானின் மேற்பரப்பு வழியாகவே ஓடப் பார்க்கும். சில சமயம் 'டமார்' என்று மேலிருந்து கீழே தாண்டிவிடும், லைன் டிரிப் ஆகும். சப்ளையை நிறுத்திவிட்டு ஆட்கள் ஏறித் துணியால் துடைப்பார்கள். மோசமான இடங்களில் சிலிக்கான் கிரீஸ் பூசுவதும் உண்டு. இன்சுலேட்டர்களில் பாவாடை மடிப்பு மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறதே, அது அழகுக்கு அல்ல. மேற்பரப்பு வழியாகப் போக நினைக்கும் மின்சாரத்துக்கு வழியை நீளமாக்குவதற்கு. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் சுற்றிச் சுற்றி வளையம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதே காரணம்தான். என்.ஜி.கே. பிளக் கம்பெனியே ஜப்பானின் நகோயாவில் மின்கம்ப இன்சுலேட்டர் செய்த கம்பெனியிலிருந்து 1936-ல் பிரிந்து வந்ததுதான். இந்த விஷயத்தை நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான் பெட்ரோல் மேல் பழி போட்டேன்.

மூன்றாவது வாரம் மனசு கேட்காமல் பாயிடம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பத்மினி காலத்திலிருந்து பழக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான், இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. பையன் ஸ்கேனரை மாட்டி, "பி0300, பி0302 வருது வாப்பா" என்றான். முதலாவது ஏதோ ஒரு சிலிண்டர் மாறி மாறி எரியாமல் போகிறது என்பதற்கான எண். இரண்டாவது, குறிப்பாக இரண்டாம் சிலிண்டர்.

"பிளக் யார் சார் மாத்தினது?"

"நான்தான் பாய்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றையும் கழற்றச் சொன்னார். கையில் வாங்கிப் பார்த்தவர் இரண்டாவதை என்னிடம் நீட்டினார். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கிழித்தது போல மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. அதைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. வேலை பார்த்த காலத்தில் இந்தக் கோட்டை நூறு முறையாவது பார்த்திருப்பேன். மின்சாரம் போக வேண்டிய வழியில் போக முடியாமல், பீங்கானின் வெளிப்பக்கமாகத் தாண்டிய தடம்.

பட்டறை மூலையில் ஒரு பழைய பிளக் கிளீனர் மெஷின் இருந்தது. அந்தக் காலத்தில் பெரிய ஒர்க்ஷாப்களில் எல்லாம் இருக்கும். ஒரு பக்கம் மணல் அடித்துச் சுத்தம் செய்யும். இன்னொரு பக்கம் காற்றழுத்தத்தில் வைத்துப் பொறி வருகிறதா என்று சின்னக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். இப்போது யாரும் பிளக்கைச் சுத்தம் செய்வதில்லை, தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதனால் மெஷின் மேல் டீ டம்ளர்கள் இருந்தன. பாய் அவற்றை எடுத்து வைத்துவிட்டு, கோடு இல்லாத பிளக் ஒன்றை அதில் திருகினார்.

காற்று இல்லாமல் பொத்தானை அழுத்தினார். நீலமாக, கொழுத்த பொறி. "பாருங்க, உங்க பிளக் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கம்ப்ரஸர் காற்றைத் திறந்தார். முள் ஏற ஏறப் பொறி மெலிந்தது. நாலு கிலோவில் விட்டுவிட்டு வந்தது. ஆறில் கண்ணாடிக்குள் இருட்டு. அதே நேரத்தில் வெளியே பீங்கான் மேல் 'சட்... சட்' என்று சத்தம். அடுத்து, கேப் 0.75 உள்ள பிளக்கை மாட்டினார். காற்றில்லாதபோது பொறி முன்னதைவிடச் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆறு தாண்டி, எட்டு வரை அணையவே இல்லை.

"டர்போன்னா உள்ள காத்து ஜாஸ்தி சார். காத்து ஜாஸ்தின்னா பொறி தாண்டறது கஷ்டம். அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதான். இதற்குப் பெயர் பாஷன் விதி. ஃபிரெட்ரிக் பாஷன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1889-ல் சொன்னது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பொறி தாண்டத் தேவையான வோல்ட், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வருவதைப் பொறுத்தது. காலேஜில் படித்து மார்க் வாங்கியது. படித்ததோடு முடியவில்லை. துணைமின் நிலையத்தில் அழுத்தம் ஏற்றிய எஸ்.எஃப்.6 வாயு நிரப்பிய பிரேக்கர்களைப் பராமரித்தேன். வாயு கசிந்து அழுத்தம் குறைந்தால் அலாரம் அடிக்கும். அழுத்தம் குறைந்தால் வாயு மின்சாரத்தைத் தாங்காது என்று புதிதாக வந்த ஜூனியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அழுத்தம் கூடினால் பொறி தாண்டாது என்பது அதே வாக்கியத்தின் மறுபக்கம். பிரேக்கரில் பொறி வரக்கூடாது, பிளக்கில் வர வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கார் பானெட்டைத் திறந்ததும் நான் மின்வாரியத்துக்காரன் என்பதை மறந்து பத்மினிக்காரனாகிவிட்டேன்.

கணக்கும் சுலபம். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட நாலரை ஆயிரம் வோல்ட் அளவு போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கிய பிறகு அதுபோலப் பல மடங்கு வேண்டும். டர்போ என்பது கொல்லன் துருத்தி மாதிரி. புகைபோக்கியில் வெளியேறும் சூட்டுப் புகையால் ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதன் மறுமுனையால் புதுக் காற்றைத் திணிக்கிறது. 1905-லேயே ஆல்ஃபிரெட் பூக்கி என்ற சுவிஸ்காரர் காப்புரிமை வாங்கிவிட்டார். இப்படித் திணிப்பதால் ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போனால், தேவையான வோல்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். காயிலோ அதே காயில். அப்படியானால் கேப்பை ஒன்றரையால் வகுக்க வேண்டும். 1.1-ஐ 1.5-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.73. கையேட்டில் 0.7 முதல் 0.8 என்று போட்டிருப்பதன் சூட்சுமம் இதுதான்.

ஊருக்குள் ஏன் நன்றாக ஓடியது என்பதும் இதிலேயே இருக்கிறது. மெதுவாகப் போகும்போது டர்போ பெரிதாக அழுத்துவதில்லை. முழுக்க மிதிக்கும்போதுதான், அதாவது நமக்கு மிக அவசியமான அந்த நான்கு விநாடியில்தான், பொறி கைவிடும். இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அதற்கும் அர்த்தம் உண்டு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, காலை எடு என்று சொல்கிறது.

"இந்த 1.1-ஐயே தட்டி 0.75 ஆக்கிக்கலாமா பாய்?" என்று கேட்டேன். மூன்று பிளக் காசு போகிறதே என்ற ஆதங்கம். பென்ஷன் புத்தி. ஆத்திர அவசரத்துக்குச் செய்யலாம் என்றார். ஆனால் அவ்வளவு தூரம் வளைத்தால் பக்கத்துக் கொம்பு சாய்ந்துபோய், இரண்டு முனையும் நேருக்கு நேர் நிற்காமல் ஒரு ஓரம் மட்டும் நெருங்கி நிற்கும். கையேட்டில் சொன்னதையே வாங்குங்கள் என்றார். வாங்கினேன். இரிடியம் முனை. அதன் நடு ஊசி அரை மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும். 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனால் பக்கவாட்டில் அழுத்தினால் பல் மாதிரி ஒடிந்துவிடும். அதனால் இதற்குள் ஹேக்ஸா பிளேடு, நாணய வடிவ கேஜ் எதையும் செருகி நெம்பக்கூடாது. கம்பி வடிவ கேஜால் அளந்து, மாற்ற வேண்டுமென்றால் வெளிக் கொம்பை மட்டும் பிடித்து வளைக்க வேண்டும். பெட்டியில் வந்ததுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பவும் கூடாது. புது மூன்றில் இரண்டு 0.75, ஒன்று 0.68. எங்கோ கீழே விழுந்திருக்க வேண்டும். பாய் அதன் கொம்பை மயிரிழை திறந்து 0.75-க்குக் கொண்டுவந்தார்.

வெப்ப எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளக்கின் மூக்கு 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 800-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும், பிஸ்டனுக்கு ஆபத்து. சூட்டைச் சீக்கிரம் கடத்தும் பிளக்குக்குக் குளிர் பிளக் என்று பெயர். என்.ஜி.கே.யில் எண் கூடக்கூடக் குளிர். பாஷ் பிளக்கில் நேர் எதிர், எண் கூடினால் சூடு. ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொரு கம்பெனியில் வாங்கப் போனால் தலைகீழாகும். கம்பெனி கொடுத்தபடி ஓடும் டர்போ வண்டிக்கு, கம்பெனி சொன்ன எண்ணே போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரீமேப் செய்துகொண்டு பறக்கிற பிள்ளைகள் ஒரு எண் குளிர்ச்சியாகவும் கேப்பை இன்னும் குறைத்தும் போட்டுக்கொள்கிறார்கள். டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்கு அது நியாயம். நமக்கு அது வேண்டாம். குளிர் பிளக்கில் மெதுவாக ஓட்டினால் கரி பிடித்துக்கொள்ளும்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக் குழியில் காற்றடித்து மணலை வெளியேற்றிவிட வேண்டும், கடற்கரைக்காரர்கள் கட்டாயம். கையால் கடைசி வரை திருகிய பிறகுதான் ஸ்பேனர். 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30. அலுமினிய ஹெட், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். காயில் ரப்பருக்குள் துளி சிலிக்கான் கிரீஸ். இன்சுலேட்டருக்குப் பூசினோமே, அதே வகைதான். இரண்டாவது காயிலின் ரப்பரிலும் கறுப்புக் கோடு விழுந்திருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவு பிளக்கைவிட அதிகம். எவ்வளவு என்று மகனுக்குச் சொல்லவில்லை, அவன் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.

தனியாகப் போய் அதே சாலையில் ஓட்டிப் பார்த்தேன். காலியான இடத்தில் முழுக்க மிதித்தேன். ஒரு உதறல் இல்லை. ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது? வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னால், "என்ன ஆச்சாம்?" என்று கேட்பாள். மேலும் இரண்டு வாரம் அதைச் சொல்லாமலே ஓட்டினேன். அவள் இன்னொரு முறை பஸ்ஸில் போய்விட்டு வந்து முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கோடு விழுந்த பிளக்கை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"பெட்ரோல் இல்ல. நான்தான் தப்பான பிளக் போட்டுட்டேன். புக்கைப் பாக்கல."

அவள் பிளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? வண்டி மேல நம்பிக்கை இல்லாமயா நான் பஸ்ல போனேன்? ஏதோ மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல."

அடுத்த வியாழக்கிழமை காரில் கிளம்பினோம். ஏறியதும் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து கையேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் வரும் வரை பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தாள். மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "டயர்ல எவ்ளோ காத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.